தொங்கியது வேறு, ஏறியது வேறு

திங்கட்கிழமை காலை வார்டுக்குள் நுழையும்போதே அந்த அம்மா வாசலில் காத்திருந்தார். இதுவரை பார்க்காத ஒரு தெளிச்சி முகத்தில். "டாக்டரம்மா, நாலே நாள்ல மூணு கிலோ ஏறியிருக்காரு!"

நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியன் என்று முதல் நாளே சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்பதாக இல்லை, நானும் விட்டுவிட்டேன்.

உள்ளே போய், போர்வையை விலக்கி, அவர் கணவரின் கெண்டைக்கால் முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து ஐந்து எண்ணும்வரை அழுத்தினேன். விரலை எடுத்தால், கொழுக்கட்டை மாவில் பதிந்த மாதிரி குழி அப்படியே நின்றது. இடுப்புக்குப் பின்பக்கம் தடவினால் அங்கேயும் நீர். படுத்தே கிடப்பவருக்குக் கால் வீங்கவில்லை என்றாலும் இடுப்புக்குப் பின்னால் வீங்கியிருக்கும், அங்கே நிறைய பேர் கைவைத்துப் பார்ப்பதில்லை. ஆக, ஏறியது மூன்று கிலோ தண்ணீர். நாலு நாளில் மூன்று கிலோ சதை போடுவது கல்யாண வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் நடக்காது. வயிற்றைத் திறந்து குடலை வெட்டியெடுத்தவருக்கு எப்படி நடக்கும்?

அதை அந்த அம்மாவிடம் அப்படியே சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் நீர் கோத்திருக்கும்மா, அதுவும் சேர்ந்துதான் காட்டுது" என்றேன். பாதி புரிந்தது, பாதி அவருக்குப் புரிய வேண்டியிருக்கவில்லை.

பதினேழு வருடமாக மதுரைப் பக்கத்து மருத்துவமனைகளில் இந்த வேலை. டயட்டீஷியன் என்றால் "சுகருக்கு என்ன சாப்பிடலாம்" என்று அட்டை எழுதிக் கொடுப்பவர் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். வாயால் சாப்பிடவே முடியாதவர்களுக்கும் நாங்கள்தான் கணக்குப் போடுகிறோம் என்று சொன்னால் கொஞ்சம் வியப்பாகப் பார்ப்பார்கள். குடல் வேலை செய்யாதபோது முழுச் சாப்பாட்டையும் ரத்தத்திலேயே விடுவதற்கு டி.பி.என். என்று பெயர். மூன்று அறை கொண்ட பெரிய பை. ஒன்றில் குளுக்கோஸ், ஒன்றில் அமினோ அமிலம், ஒன்றில் எண்ணெயைப் பால்போலக் கரைத்த திரவம். மேலிருந்து சுருட்டி அழுத்தினால் நடுவிலிருக்கும் ஒட்டு பிரிந்து மூன்றும் கலந்து வெள்ளையாகும். வார்டில் அட்டெண்டர்கள் அதற்கு "பால்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "மேடம், பதினாலாம் பெட்டுக்குப் பால் மாத்தணுமாம்."

இங்கே ஒரு குட்டிச் சங்கடம். பேச்சில் ரத்தக்குழாயையும் நாம் நரம்பு என்கிறோம். "நரம்பு கிடைக்கல, நாலு தடவ குத்திட்டாங்க" என்பார்கள். பாடப்புத்தகத்துக்கு அது சிரை. நான் இங்கே ஊர் வழக்கத்திலேயே போகிறேன். வயிற்றுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியும். அதிகமானால் வாந்தி வரும், பேதி வரும், பசிக்காது. நரம்புக்கு அது தெரியாது. எதை விட்டாலும் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் இந்த நோயாளிகளின் ஊட்டச்சத்து நிலையை மதிப்பிடும் வேலை, பையைத் தொங்கவிட்ட பிறகுதான் உண்மையில் சூடுபிடிக்கிறது.

பேச்சுவாக்கில் இன்னொன்று. "நாலு நாளா குளுக்கோஸ் ஏறுதுல்ல, அப்புறம் எப்படி மெலிவாரு?" என்று கேட்காத குடும்பம் இல்லை. அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. சுமார் 85 கலோரி. ஒன்றரை இட்லி. புரதம் துளிகூடக் கிடையாது. நாளுக்கு மூன்று பாட்டில் ஏறினாலும், நாலைந்து இட்லி தின்றுவிட்டுப் பட்டினி கிடப்பவர்தான் அவர்.

சரி, நம் ஆளுக்கு வருகிறேன்.

ஐம்பத்து நாலு வயது, டெய்லர். குடலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்து, சிறுகுடலில் பெரும்பகுதி கறுத்துப்போய், வெட்டியெடுத்ததுபோக மிஞ்சியது எண்பது சென்டிமீட்டர். நமக்கெல்லாம் சிறுகுடல் ஏறத்தாழ இருபது அடி. அவருக்கு மூன்றடிக்கும் குறைவு. அதன் முனையை வயிற்றில் திறந்துவிட்டிருந்தார்கள். பெருங்குடல் பத்திரமாக இருந்தது, பிறகு இணைத்துக்கொள்ளலாம் என்று. என்னைக் கூப்பிட்டது ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். கேஸ் ஷீட்டில் எடை 62 கிலோ, உயரம் 165. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. 22.8. அதாவது, நல்ல ஊட்டத்தில் இருப்பவர்.

ஆளைப் பார்த்தால் அப்படி இல்லை. நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் இருபுறமும் குழி. காறையெலும்பு கைப்பிடி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னால் நடுவில் பொங்கி எழ வேண்டிய சதை எழவில்லை, தட்டையாகக் கிடந்தது. அந்த ஒரு இடம் எனக்குப் பிடித்த இடம். முகம் வீங்கும், வயிறு வீங்கும், கால் வீங்கும். அந்த இடத்தில் வீக்கம் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது.

"62 கிலோன்னு யார் சொன்னா?"

"நாந்தான் சொன்னேன்" என்றார் அந்த அம்மா. "தீவாளிக்கு முன்னாடி சுகர் கேம்ப்ல பாத்தப்ப இருந்துச்சு."

தீபாவளி முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அட்மிஷனில் வலியில் துடித்தவரை எடை மெஷினில் ஏற்ற முடியாது, கேட்டு எழுதிக்கொண்டார்கள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எழுதிய எண் எழுதியதுதான். அடுத்து வரும் எல்லோரும் அதையே வைத்து மருந்துக் கணக்கு, நீர்க் கணக்கு, சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் போடுவார்கள்.

"கொஞ்ச நாளா உடம்பு இறங்கிச்சா?" என்று கேட்டேன். "ஆமா, லேசா" என்றார் மனைவி. லேசா என்றால் எவ்வளவு? சட்டை தொளதொளவென்று ஆனதா, மோதிரம் கழன்றதா, அரைஞாண் கயிற்றை மறுபடி முடிந்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பது என் வழக்கம். கிலோவில் பதில் சொல்ல முடியாதவர்கள் இதற்குச் சரியாகப் பதில் சொல்வார்கள். இவர் டெய்லர் வேறு. மூக்கில் குழாயோடு, குரல் எழும்பாமல், கட்டிலுக்குக் கீழே இருந்த மஞ்சப்பையைக் காட்டினார். அதில் அவர் வந்த அன்று போட்டிருந்த பேண்ட்.

எடுத்து விரித்துப் பார்த்தேன். இடுப்பின் பின்பக்கத் தையலில் மூன்று கோடு. முதலில் தைத்த தையலைப் பிரித்த தடம் லேசாகத் தெரிந்தது. அதற்கு உள்ளே ஒன்று, அதையும் பிரித்து இன்னும் உள்ளே ஒன்று. "ரெண்டு தடவ பிடிச்சிட்டேன் மேடம். முப்பத்து நாலு. அப்புறம் முப்பத்து ரெண்டு. கடைசியா முப்பது." எந்த ஆய்வகமும் எனக்கு இவ்வளவு துல்லியமான ரிப்போர்ட் தந்ததில்லை. நாலு இன்ச், ஐந்து மாதத்தில்.

ஏன் இறங்கியது என்று கேட்டபோதுதான் மீதிக் கதை வந்தது. சாப்பிட்ட அரை மணியில் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழியுமாம். கேஸ் என்று நினைத்துப் பெருங்காயம், ஓமம் எல்லாம் பார்த்திருக்கிறார். பிறகு சாப்பிட்டால்தானே வலி என்று சாப்பாட்டையே குறைத்துவிட்டார். நாலு இட்லி இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கடைசி மாதம் டீயும் பன்னும். பசி இருந்தது, பயத்தில் தின்னவில்லை. குடலுக்கு ரத்தம் போதாமல் போகும்போது இப்படித்தான் வரும். அந்த மாதங்களில் யாராவது ஒருவர் "ஏன் சாப்பிடுவதில்லை" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டிருந்தால் என்று எனக்குத் தோன்றும். கேட்டிருக்க வேண்டியவர்களின் பட்டியலில் எங்கள் ஆட்களும் உண்டு.

டயாலிசிஸ் யூனிட்டில் ஒரு நாற்காலி எடை மெஷின் இருக்கிறது. அதைக் கெஞ்சி வாங்கி வந்து உட்கார வைத்தோம். 55 கிலோ. நீர்க் கணக்குச் சார்ட்டைப் பார்த்தால் ஆபரேஷனிலிருந்து உள்ளே போனது வெளியே வந்ததைவிட ஐந்து லிட்டருக்குமேல் கூடுதல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உண்மையான உடம்பு 50 சொச்சம் என்று வைத்துக்கொண்டேன். பி.எம்.ஐ. 18.4. ஆறு மாதத்துக்குள் உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கிறது. அதே ஆள், அதே கட்டில். பேண்டைப் பார்க்காமல் இருந்திருந்தால் "ஊட்டம் இயல்பு" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. இதற்கு டொராண்டோவில் ஒரு பழைய கதை உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்துவிட்டு அங்கே போன குர்ஷீத் ஜீஜீபாய், 1970-இல் குடலில் பெரும்பகுதி போன ஜூடி டெய்லர் என்ற பெண்ணுக்கு நரம்பு வழியாகவே உணவு கொடுத்து, வீட்டுக்கும் அனுப்பி வைத்தார். அந்தப் பெண் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்படியே வாழ்ந்தார். அதே டொராண்டோக் குழு 1982-இல் ஒரு சோதனை செய்தது. 59 அறுவைச் சிகிச்சை நோயாளிகளை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள். கையில் ஆய்வக எண்கள் எதுவும் கிடையாது. எடை எப்படி இறங்கியது, என்ன சாப்பிட்டார், வாந்தி பேதி உண்டா, எழுந்து நடமாடுகிறாரா என்ற கேள்விகள், பிறகு கொழுப்பு, தசை, வீக்கம் என்று உடம்பைத் தொட்டுப் பார்ப்பது. அவ்வளவுதான். இரண்டு பேரின் முடிவும் 81 சதவீதம் ஒத்துப்போனது, ஆய்வக அளவுகளோடும் பொருந்தியது. அதுதான் பிறகு எஸ்.ஜி.ஏ. (சப்ஜெக்டிவ் குளோபல் அசெஸ்மென்ட்) என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே அந்தப் படிவத்தின் மங்கிப்போன ஜெராக்ஸ் ஒன்று இன்னும் இருக்கிறது.

அதற்கும் முன்னால், 1960களில், பென்சில்வேனியாவில் ஸ்டான்லி டட்ரிக் பீகிள் நாய்க்குட்டிகளை வெறும் நரம்பு வழி உணவிலேயே வளர்த்துக் காட்டினார். கூடப் பிறந்த குட்டிகள் வாயால் தின்று வளர்ந்த அளவுக்கு இவையும் வளர்ந்தன. எனக்கு அந்தக் குட்டிகள்மேல் கொஞ்சம் பொறாமை. வளர்கிற குட்டிக்கு எடை பார்த்தால் போதும், கதை முடிந்தது. காய்ச்சலும் சீழும் நீரும் சேர்ந்த ஐம்பத்து நாலு வயது ஆளுக்கு எடை என்பது மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவது மாதிரி.

இனி ஆல்புமின், கல்லீரல் செய்து ரத்தத்தில் விடும் ஒரு புரதம். ரவுண்ட்ஸில் இளம் டாக்டர் ஒருவர் சொன்னார், "மேடம், ஆல்புமின் 2.2 தான் இருக்கு. சிவியர் மால்நியூட்ரிஷன்." முடிவு சரி, காரணம் தப்பு. அதே நாள், உடம்பின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 180. உடம்பில் அழற்சி கொதிக்கும்போது கல்லீரல் ஆல்புமின் செய்வதைத் தள்ளிவைத்துவிட்டு வேறு புரதங்களைச் செய்யப் போய்விடும். இருக்கிற ஆல்புமினும் ரத்தக்குழாயிலிருந்து வெளியே கசியும். அதோடு ஐந்து லிட்டர் நீரில் கரைந்தும் இருக்கிறது. நல்ல ஊட்டத்தில் இருக்கும் பயில்வானுக்கு வயிற்றில் சீழ் வைத்தாலும் 2.2 வரும். பட்டினியால் எலும்பும் தோலுமான, ஆனால் வேறு நோயில்லாத பெண்ணுக்கு 4 இருந்து நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஆல்புமினின் ஆயுளில் பாதியே இருபது நாள். இன்று சாப்பாடு ஏற்றிவிட்டு அடுத்த வாரம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பது, இன்று தென்னங்கன்று வைத்துவிட்டு நாளை இளநீர் தேடுவது. இரண்டு மூன்று நாளில் மாறும் ப்ரீஆல்புமினும் அழற்சிக்கு இதே மாதிரிதான் விழும். அமெரிக்காவின் ஊட்டச்சத்துச் சங்கமான ஆஸ்பென்கூட இந்த எண்களை ஊட்டத்தின் அளவுகோலாக வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஆல்புமின் குறைவு என்று குடும்பத்திடம் சீட்டெழுதிக் கொடுத்து, வெளியே பார்மசியில் பாட்டில் பாட்டிலாக வாங்கி வரச் சொல்வது. ஒரு பாட்டில் சில ஆயிரம். 100 மில்லி 20 சதவீதப் பாட்டிலில் இருப்பது 20 கிராம் புரதம். அதை உடம்பு சாப்பாடாக உடனே எடுத்துக்கொள்வதும் இல்லை. ஆல்புமின் தேவைப்படும் நோய்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் "சத்து குறைவு, அதுக்கு ஆல்புமின்" என்று தோட்டை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதை ஒரு பழைய இடத்தில் சத்தமாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அது போகட்டும்.

இவ்வளவு மெலிந்தவருக்கு உடனே நிறையக் கொடுக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிது, 2009. உணவுக்குழாய் அடைத்து மூன்று வாரம் தண்ணீர்கூட இறங்காத ஒரு பாட்டி. நரம்பில் சாப்பாடு ஏற்ற முடிவானதும் கால்குலேட்டரை எடுத்து, புத்தகத்தில் உள்ளபடி முழு 1,500 கலோரிக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தேன், முதல் நாளிலிருந்தே. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. கையைத் தூக்க முடியவில்லை. ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோய் பாஸ்பேட் பார்த்தால் 0.9. 2.5-க்குக் கீழே போகவே கூடாது. பட்டினியில் இருந்த உடம்புக்குத் திடீரென்று சர்க்கரை வந்தால் இன்சுலின் சுரக்கும். அது ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். மூச்சு விடும் தசைக்கும் இதயத்துக்கும் ஒன்றும் மிஞ்சாது. 1981-இலேயே அமெரிக்காவில் இப்படி அவசரப்பட்டு ஏற்றியதால் இறந்த இரண்டு பேரைப் பற்றிக் கட்டுரை வந்துவிட்டது. நான் படித்தது அந்தப் பாட்டிக்குப் பிறகு. அவர் பிழைத்துக்கொண்டார். என் கையெழுத்து இருந்த அந்தத் தாளை நான் மறக்கவில்லை.

அதனால் நம் தையல்காரருக்கு முதல் நாள் பாதிப் பை. ஒரு லிட்டர் பையில் 1,100 கலோரி, 50 கிராம் அமினோ அமிலம் என்றால், பாதியில் 550. கிலோவுக்குப் பத்து கலோரி சொச்சம். பை ஏறுவதற்கு முன்னாலேயே தயமின் (விட்டமின் பி1) ஊசி. இந்தப் பைகளில் விட்டமின் கிடையாது என்பது பல பேருக்குத் தெரியாது. தனியாகச் சேர்க்க வேண்டும். 1997-இல் அமெரிக்காவில் விட்டமின் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, டி.பி.என். மட்டும் ஏறிக்கொண்டிருந்த சிலருக்கு தயமின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தானது. பை நிறைய கலோரி, எரிக்கத் தீக்குச்சி இல்லை.

பாதிப் பைக்கே பாஸ்பேட் 3.1-லிருந்து மூன்றாம் நாள் 1.6-க்கு வந்தது. பொட்டாசியம் 3.1. கூட்டவில்லை, அங்கேயே நிறுத்தி, குறைந்ததை நரம்பிலேயே ஈடுகட்டி, இரண்டு நாள் காத்திருந்தோம். அந்த நாட்களில்தான் அந்த மூன்று கிலோ. இன்சுலின் உப்பையும் நீரையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். எடை ஏறியது தேறியதற்கு அடையாளம் இல்லை, கவனம் என்று சொல்லும் மணி.

எடையை நம்ப முடியாது, ஆல்புமினை நம்ப முடியாது, பிறகு எதை? வாரம் ஒரு முறை கையின் சுற்றளவு. தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில். எங்கள் பிளாஸ்டிக் டேப்பை எடுத்துச் சுற்றினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழுக்காதீங்க மேடம். தோல்ல சுருக்கு விழுது பாருங்க. டேப் உடம்பத் தொடணும், கடிக்கக்கூடாது."

முப்பது வருடம் டேப் பிடித்தவர். அவர் சொன்னபடி தளர்த்தினேன், அரை சென்டிமீட்டர் கூடியது. அடுத்த வாரம் நான் லீவில் இருந்தபோது வேறொருவர் வேறு இடத்தில் அளந்து 23 என்று எழுதிவைக்க, டெய்லரே மகனிடம் சொல்லிக் கடையிலிருந்து மார்க்கிங் சாக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். நடுப்புள்ளியில் கோடு போட்டுக்கொண்டோம். குளிப்பாட்டினால் அழியும், மறுபடி போடுவார். முதல் வாரம் 22. இரண்டாம் வாரம் 21.4. அழற்சி அடங்காதவரை எவ்வளவு ஏற்றினாலும் தசை கரைவதை முழுக்க நிறுத்த முடியாது, வேகத்தைத்தான் குறைக்க முடியும். பிடிவலிமை மீட்டரை அழுத்தச் சொன்னால் 13 கிலோ. ஆசிய ஆண்களுக்கு 28-க்குக் கீழே இருந்தாலே பலவீனம்.

ஆனால் 21.4 எனக்குப் பொருந்தவில்லை. அதற்குள் நாங்கள் ஒன்றரை லிட்டர் பைக்கு ஏறியிருந்தோம், 1,600 கலோரி, 75 கிராம் அமினோ அமிலம். சார்ட்டில் தினமும் "டி.பி.என். 1500" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. சந்தேகப்பட்டு ஒருநாள் மாலை ஆறு மணிக்குப் பை மாற்றும் நேரத்தில் போய் நின்றேன். கழற்றிய பையில் கால்வாசிக்கு மேல் மிச்சம். இருபத்து நாலு மணி நேரம் ஆகிவிட்டால் மீதியைக் கொட்டிவிட வேண்டும், அது விதி. ஸ்கேனுக்குப் போனபோது இரண்டு மணி நேரம் நிறுத்தியிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் அதே வழியில் போக வேண்டியிருந்ததால் மூன்று முறை நிறுத்தம். பம்ப் அலறினால் இரவில் அணைத்துவிட்டு மறந்திருக்கலாம். தொங்கவிட்டதை எழுதினார்கள், ஏறியதை யாரும் எழுதவில்லை.

சிஸ்டரிடம் சண்டை போடவில்லை. முப்பது பெட்டுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். கழற்றும் பையில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு பிளாஸ்டரில் எழுதிப் பையிலேயே ஒட்டிவிடுங்கள், நான் காலையில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு வாரம் பார்த்ததில் சராசரியாக ஏறியது 1,050 மில்லி. பத்தில் ஏழு பங்கு. அந்தப் பிளாஸ்டர் துண்டுகளைச் சர்ஜனிடம் காட்டியதும் சாப்பாட்டுக்கென்று தனி வழி ஒதுக்கிவிட்டார்கள். ஒரு மணி நேரப் பேச்சு செய்யாததை ஏழு துண்டு பிளாஸ்டர் செய்தது.

நடுவில் ஒரு கூத்து. ஒரு அதிகாலை சுகர் 612 என்று ரிப்போர்ட், பொட்டாசியமும் உச்சத்தில். இன்சுலின் போடச் சிரிஞ்சு எடுத்தாகிவிட்டது. நல்லவேளை, பயிற்சியில் இருந்த ஒரு பெண் விரலில் குத்திப் பார்த்தார், 168. பை ஏறிக்கொண்டிருந்த அதே குழாயிலிருந்து ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அது வெறும் ரத்தம் இல்லை, எங்கள் பையும் கொஞ்சம் கலந்தது. இன்னொரு நாள், உடம்பில் புரதம் சேர்கிறதா கரைகிறதா என்று பார்க்கும் நைட்ரஜன் கணக்குக்காக இருபத்து நாலு மணி நேரச் சிறுநீரைச் சேர்க்கச் சொல்லியிருந்தேன். இருபதாவது மணியில் புது அட்டெண்டர் கேனைச் சுத்தமாகக் கொட்டிக் கழுவி, கவிழ்த்தும் வைத்துவிட்டார். திட்ட மனம் வரவில்லை, கேன் அவ்வளவு பளபளப்பாக இருந்தது. வயிற்றுத் திறப்பு வழியே இவ்வளவு போகிறவருக்கு அந்தக் கணக்கு எப்படியும் முழுசாக வராது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தத் திறப்பு வழியே தினமும் ஒன்றரை லிட்டர் போய்க்கொண்டிருந்தது. தண்ணீரோடு சோடியம், மெக்னீசியம், துத்தநாகம் எல்லாம் போகும். நாலாம் வாரம் மூக்கு ஓரத்திலும் உதட்டுக் கடையிலும் சிவந்து தோல் உரிய ஆரம்பித்தது. பூஞ்சைக் களிம்பு தடவிக்கொண்டிருந்தார்கள். நான் துத்தநாகத்தின் அளவைக் கூட்டச் சொன்னேன். பத்து நாளில் ஆறியது. இதற்கு ரத்தப் பரிசோதனை எடுத்தால் அழற்சியில் அதுவும் குறைவாகத்தான் காட்டும், அதனால் தோலைப் பார்ப்பதே மேல்.

மூன்றாம் வாரக் கடைசியில் எடை 51-க்கு இறங்கியது. அந்த அம்மா அழுதேவிட்டார். எனக்கோ சந்தோஷம். கால் குழி போயிருந்தது, நீர் இறங்கியிருந்தது, சி.ஆர்.பி. 30-க்கு வந்திருந்தது. சாக் கோட்டில் கை 21.8. மீட்டரில் 16. இந்த முறை அவரை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னேன். கணவரின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அவர் விரலையே வைத்து அழுத்திக் காட்டினேன். "இது பொங்கணும்மா. தராசப் பாக்காதீங்க, இதப் பாருங்க." அதற்குப் பிறகு தினமும் காலையில் எனக்கு முன்னால் அவர் பார்த்துவிட்டு ரிப்போர்ட் சொல்வார். "இன்னிக்கு லேசா எந்திரிக்குது டாக்டரம்மா."

ஏழாம் வாரம் குடலைப் பெருங்குடலோடு இணைத்தார்கள். பிறகு உப்புக் கரைசல், வடித்த கஞ்சி, குழைந்த சாதம், மசித்த முட்டை என்று ஒவ்வொரு படியாக, பை ஒருநாள் விட்டு ஒருநாளாகி, வாரம் இரண்டாகி, நின்றது. பி12 ஊசி மட்டும் ஆயுளுக்கும். ஊருக்குப் போகும்போது 52.5 கிலோ, கை 22.9, மீட்டரில் 19.

போன வாரம் போன் செய்தார். எடை பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். பெரிய கத்தரிக்கோலை இத்தனை நாள் மகன்தான் பிடித்துக்கொண்டிருந்தானாம். அன்று காலையில் காடாத் துணியை நாலு மடிப்பாகப் போட்டுத் தானே வெட்டியிருக்கிறார். மூன்றாவது மடிப்புவரை சுத்தமாகப் போச்சு மேடம், நாலாவதுல மட்டும் கொஞ்சம் பிசிறு என்றார்.